பெண் பார்க்கப் போன சுருட்டு

காட்பாடியில் நான் பெண் பார்க்கப் போன முதல் வீட்டில், நான் பாயில் உட்கார்ந்ததுமே பெண்ணின் அண்ணன் எழுந்து போய் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தான். வெளியே கொட்டுகிற மழை. சாரலில் பாய் நனைந்தது, பலகாரத் தட்டு நனைந்தது, என் அம்மாவின் புதுப் புடவை நனைந்தது. ஒருவராவது எழுந்து ஜன்னலைச் சாத்த வேண்டுமே! அடுத்த வாரம் தரகர் வந்து, "பையன் தங்கமான பையன்னுதான் சொல்றாங்க, ஆனா..." என்று இழுத்தார். பிறகு தன் மூக்கை ஒரு விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அப்போது எனக்கு ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பதனிட்டு முடிந்த ஆட்டுத்தோல்களைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது என் பொறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தால் போதும், எங்கே கத்தி பட்டிருக்கிறது, எங்கே அம்மைத் தழும்பு, ஆடு மெலிந்ததா கொழுத்ததா, எல்லாம் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. ஆனால் சுண்ணாம்புக் குழிக்கும் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை ஊறும் தண்ணீர்த் தொட்டிக்கும் பச்சைத்தோல் குவியலுக்கும் நடுவே பொழுதெல்லாம் நிற்கிறவன் மேல் என்ன வாசனை அடிக்கும்? சீயக்காய் தேய்த்தாலும் போகாது, புளி தேய்த்தாலும் போகாது. சலவைக்காரர் எங்கள் வீட்டுத் துணியைத் தனி மூட்டையாகத்தான் கட்டுவார். வேடிக்கை என்னவென்றால், எனக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றுதான்.

காட்பாடி இடம் தட்டிப்போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பெண்ணின் முகம்கூட ஞாபகம் இல்லை. கவலையெல்லாம் அடுத்து வந்த இடத்தால்தான். ஜோலார்பேட்டையில் எஞ்சின் பழுது பார்க்கிற ரயில்வே பிட்டரின் மகள். அவளை நான் முன்பே பார்த்திருந்தேன். வாணியம்பாடியில் ஒரு கல்யாணம். சர்ச்சில் எல்லாரும் தலை குனிந்து ஜெபம் செய்துகொண்டிருந்தபோது, பாதிரியார் கூரையே பெயர்ந்து விழுகிறாற்போல ஒரு தும்மல் போட்டார். தும்மிய கையோடு "ஆமென்" என்றார். சபை அசையவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். ஆண்கள் பக்கத்தில் நான் குலுங்கிக்கொண்டிருந்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டோம். அதற்கப்புறம் பந்தியில் எனக்கு இலை போட்டார்களா, நான் சாப்பிட்டேனா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் வீட்டிலிருந்தே, "ஈஸ்டர் முடிஞ்சதும் வந்து பாருங்க" என்று சொல்லி அனுப்பினால் கால் தரையில் பாவுமா? ஆனால் அதே தரகர் அதே மோரைக் குடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "பிட்டருக்குத் தோல் ஷாப்பு மாப்பிள்ளைன்னாலே யோசனைதான். பெத்த பொண்ணை அந்த நாத்தத்துல கொண்டுபோய்த் தள்றதான்னு கேக்கறார். பாத்து நடந்துக்கங்க." இந்தப் பெண்ணும் என் வாசனையால் போனால் இனி கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஷாப்பில் எனக்கு ஒரு தோஸ்த். வாணியம்பாடிக்காரன், எடை போடுகிற வேலை. எந்தக் கஷ்டத்துக்கும் அவனிடம் ஒரு வழி இருக்கும், அது பெரும்பாலும் தப்பான வழியாக இருக்கும். முதலில் அத்தர் வாங்கி வந்து என் இரண்டு காதிலும் கழுத்திலும் பூசினான். அன்றைக்கு மேஸ்திரி என்னைத் தாண்டிப் போய் நின்று, திரும்பி வந்து மோந்து பார்த்து, "இன்னாப்பா, செத்த ஆட்டுக்கு நிக்காவா?" என்றார். அத்தர் அத்தோடு முடிந்தது.

பிறகுதான் அவன் பட்டணத்து ஏஜென்டைக் கண்டுபிடித்தான். சரக்கு வாங்க வருகிற அந்த ஏஜென்ட் தோல் அடுக்குகளுக்கு நடுவே மணிக்கணக்காக நிற்பார், வாயில் எப்போதும் சுருட்டு. "அவரை மோந்து பாத்தியா? சுருட்டு வாசனை ஒண்ணுதான் வருது. நம்ம வாசனை கிட்டவே போகல. இனி பேஜாரே வேணாம். நீ சுருட்டுப் பிடி தோஸ்த், கல்யாணம் ஆச்சுன்னு வெச்சுக்க!" என்றான். போதாததற்கு அந்தப் பிட்டரே பெரிய சுருட்டுப் பிரியர் என்று தரகர் சொல்லியிருந்தார். எனக்கு வானத்திலிருந்தே வழி இறங்கி வந்துவிட்டதாகத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு இரண்டு பேரும் பாலாற்று மணலுக்குப் போனோம். கடையில் இருந்ததிலேயே கறுப்பாக, கனமாக, கட்டைவிரல் தடிமனில் ஒரு திருச்சிச் சுருட்டு. ஷாப்பில் எல்லாரும் பீடி குடிப்பதைப் பார்த்த பழக்கத்தில் நானும் புகையை நெஞ்சு நிறைய இழுத்தேன். முதல் இழுப்பில் இருமல். இரண்டாவதில் கண்ணில் நீர். மூன்றாவதில் எனக்கு உலகத்தில் இருக்கிற எல்லார் மேலும் பிரியம் வந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று சொன்னேன். பாலாற்றில் தண்ணீரைப் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது. "ஓடுதுடா, காதுல கேக்குது" என்று சத்தியம் செய்தேன். தோஸ்த் மணலில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாடா, ஓடுது!" என்றான். அவனும் மூன்று இழுப்பு இழுத்திருந்தான். பிறகு வானம் சுற்றியது, மணல் சுற்றியது, இரண்டு பேரும் மல்லாந்து விழுந்து சிரித்தோம். விக்கல் வந்தது. என் விக்கலைப் பார்த்து அவன் சிரிக்க, அவன் சிரிப்பில் அவனுக்கும் விக்கல். தன் துருக்கித் தொப்பியால் எனக்கு விசிறிக்கொண்டே வாந்தி எடுத்தான், பாவம். அவ்வளவு ஆனந்தமாக நான் என்றைக்கும் நோய்ப்பட்டதில்லை.

புகையை உள்ளே விழுங்கக்கூடாது, வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும் என்பதை ஏஜென்டைத் தூரத்திலிருந்து பார்த்தே கற்றுக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பைத்தியம் பிடித்தது. பெண் பார்க்கிற காரியத்துக்கு ஏதோ ஒரு சுருட்டு போதும். ஆனால் எனக்குப் பிடித்த சுருட்டு எது என்று ஒரு கேள்வி மனசுக்குள் வந்துவிட்டது. அதுவரை எனக்குப் பிடித்தது எது என்று யாரும் என்னைக் கேட்டதே இல்லை. களி என்றால் களி, கஞ்சி என்றால் கஞ்சி. இப்போது ஒரு கடை நிறைய கண்ணாடி ஜாடிகள், அதில் எது என்னுடையது என்று நான்தான் சொல்ல வேண்டும். அந்த நினைப்பே போதை ஏற்றியது.

நான் செய்த முட்டாள்தனம், சுருட்டையும் தோலைப் போலவே தரம் பிரித்ததுதான். பஜார் கடையில் ஜாடியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்தேன். மேல் இலையைக் கட்டைவிரலால் தடவினேன், நரம்பு முட்டுகிறதா பார்த்தேன், மெல்ல வளைத்தேன், வெளிச்சத்தில் திருப்பினேன். வழுவழுப்பு, நிறம் ஒரே சீர், தழும்பு இல்லை என்றால் முதல் தரம். நரம்பு தெரிந்தால் இரண்டாம் தரம். கோணல் மாணல் எல்லாம் கழிவு. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, சுருட்டு வாங்க வந்தியா, ஆடு பிடிக்க வந்தியா?" என்று கத்தினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் தரத்தில் தேறியது ரங்கூன் சரக்கு ஒன்று. பொன்னிறம், தடவினால் குட்டி ஆட்டுத்தோல் தோற்றுவிடும். இதுதான் என் சுருட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பற்ற வைத்தேன். வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. ஒரு காரம் இல்லை, ஒரு கசப்பு இல்லை. ஆனாலும் பெருமையை விட மனசு வராமல், "ஆஹா" என்றேன். தோஸ்த் என் முகத்தைப் பார்த்து, "பொய்யி" என்றான்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பது என்று முடிவு செய்தோம். அவன் பற்ற வைத்து என் கையில் கொடுப்பான், நான் எது என்று தெரியாமல் இழுத்துச் சொல்ல வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் எல்லாமே கசப்பு. களி சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் திண்டுக்கல் சுருட்டு தேவலை. அவன் வீட்டில் பிரியாணி சாப்பிட்ட அன்றைக்குக் கழிவு என்று நான் ஒதுக்கிய கோணல் சுருட்டுகூட நாக்கில் நின்றது. அவனுக்குப் பிடித்ததெல்லாம் வெல்லப்பாகு தடவிய மெல்லிய ரகம். எனக்கு அது குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து. "உனக்கு இருக்கறது நாக்கா, செருப்புத் தோலா?" என்று அவன் கேட்க, "உனக்கு இருக்கறது நாக்கா, பஞ்சு மிட்டாயா?" என்று நான் கேட்க, ஒரு நாள் பூராப் பேசாமல் இருந்தோம். ராஜ்ஜியத்தைப் பிரித்துக்கொண்ட அரசர்கள்கூட அவ்வளவு முறுக்காக இருந்திருக்க மாட்டார்கள்.

வாங்கிய சுருட்டுகளை வீட்டில் வைக்க முடியாது, அம்மா கண்டால் வீடு ரெண்டாகும். அதனால் ஒரு கட்டு திண்டுக்கல் சுருட்டைக் கழிவாய்ப் போன ஆட்டுத்தோலில் சுற்றி, ஷாப்பின் பட்டைக் கிடங்கில், ஆவாரம்பட்டை மூட்டைகளுக்கு நடுவே செருகி வைத்திருந்தேன். பிறகு வேறு வேறு சரக்கைத் தேடி அலைந்ததில் அதை மறந்தே போனேன். பல வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஷாப்பு அடங்கிய நேரத்தில் அது ஞாபகம் வந்தது. ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு பின்பக்கத்துக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பற்ற வைத்தேன்.

அதை எப்படிச் சொல்ல? முதலில் நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு, கடுக்காயைக் கடித்த மாதிரி. அது விலகியதும் மிளகுக் காரம். அதற்கும் பின்னால், தொண்டைக்கு வருவதற்குள், ஒரு இனிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அது மறுபடி வருமா என்று அடுத்த இழுப்பு இழுத்தேன், வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். கிணற்றைச் சுற்றி நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். எனக்குக் கண் கலங்கியது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். யார் சொல்லியும் இல்லாமல், யாரைப் பார்த்தும் இல்லாமல், எனக்கே எனக்கென்று ஒன்று பிடித்திருந்தது. அன்று நான் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினேன்.

தோஸ்துக்கு ஒன்றைக் கொடுத்தேன். பாதி வரை குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. நம்ம ஊட்ல உக்காந்த மாதிரி இருக்குது. வேற விசேஷம் ஒண்ணும் தெரியல" என்றான். அவனுடைய பஞ்சு மிட்டாய் நாக்கை மன்னித்துவிட்டேன்.

ஆனால் கடைக்குப் போய் அதே திண்டுக்கல் சுருட்டில் இன்னொரு கட்டு வாங்கினால், அந்த ருசி இல்லை! துவர்ப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. இலையை மாற்றிவிட்டீர்கள் என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன். அதே ஜாடி, அதே ஆள் கொண்டுவரும் சரக்கு என்று அவர் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நம்பாமல் குடியாத்தத்துக்கு ஆள் விட்டு வாங்கிப் பார்த்தேன், வேலூருக்குப் போய்த் தேடினேன். எங்கும் இல்லை. கிடங்கில் மிச்சம் இருந்த சில சுருட்டுகள்தான் உலகத்திலேயே இருக்கிற மிச்சம் என்று ஆயிற்று. அவற்றைத் தொடாமல் காத்தேன். அவ்வளவு உயர்ந்த பொருளைப் பிட்டருக்குக் காணிக்கையாகக் கொடுத்தால் மனுஷன் மயங்கிப் பெண்ணைக் கொடுத்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அம்மாவும் நானும் ரயில் ஏறினோம். தோஸ்த் கூடவே வந்து வாணியம்பாடியில் இறங்கிக்கொண்டான். அங்கே பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என்னவோ ஆகிவிட்டது என்று அம்மாவும் நானும் பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தோம். தோல் ஷாப்புகளின் காற்று என்று ஒருவர் சொன்ன பிறகுதான் நாங்களும் மரியாதைக்கு மூக்கைப் பொத்தினோம்.

ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தின் கோடியில் நின்று, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு சாதாரணச் சுருட்டைப் பாதி வரை ஊதிச் சட்டையெல்லாம் புகை ஏற்றிக்கொண்டேன். பெரியவர்கள் முன்னால் பிடிக்க முடியாதே. பிட்டரின் குவார்ட்டர்ஸ் வாசலில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். விதவை, வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று தரகர் சொல்லியிருந்தார். வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "வாப்பா" என்று சொல்லும்போதுகூட அதை எடுக்கவில்லை.

உள்ளே உட்கார்ந்தோம், அக்காவும் சுருட்டோடு கூடவே வந்து உட்கார்ந்தார். யாரும் எழுந்து ஜன்னலைத் திறக்கவில்லை. நான் மூச்சை விட்டேன். பெண் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையல் அறைக் கதவின் பின்னால் போய் நின்றாள். அதே பெண்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழம், வெற்றிலைத் தட்டோடு தோல் உறையில் இருந்த சுருட்டுகளையும் எடுத்து, "ஐயா, இது உங்களுக்கு. வேற எங்கயும் கிடைக்காது" என்று நீட்டினேன்.

பிட்டர் சந்தோஷமாக ஒன்றைப் பற்ற வைத்தார். ஒரு இழுப்பு. முகத்தைச் சுளித்து ஜன்னல் பக்கம் பார்த்தார். இன்னொரு இழுப்பு. எழுந்து போய் வெளியே எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, வாணியம்பாடிக் காத்து இங்க வரைக்கும் வருது?"

"காத்தும் இல்ல ஒண்ணும் இல்ல. உன் வாயிலதான்டா இருக்குது. இங்க குடு." அக்கா தன் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கிக் கண்ணை மூடி இழுத்தார். "பட்டை மணக்குது. தோல் ஷாப்பு பட்டை."

"கிடங்கு!" என்று நான் கத்தினேன்.

கத்தியதோடு விட்டேனா? எழுந்தே நின்றுவிட்டேன். "அதாங்க! பட்டைக் கிடங்குல வெச்சிருந்தேன், தோல்ல சுத்தி! கடைச் சுருட்டுல அந்த ருசி ஏன் வரலன்னு வேலூர் வரைக்கும் தேடினேன், எங்க ஷாப்பு வாசனைதாங்க அது! எனக்குப் புடிச்சதே அதுதாங்க!" என்று கையைத் தட்டிச் சிரித்தேன். அம்மா தொடையைக் கிள்ளக் கிள்ள, நான் அத்தர் பூசியது, பாலாற்று மணலில் விழுந்தது, அந்த வாசனையை மறைக்கத்தான் சுருட்டே பிடிக்கக் கற்றுக்கொண்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவ்வளவு நாள் மண்டையைக் குடைந்த விஷயம் விடிந்துவிட்ட சந்தோஷத்தில், எந்த வீட்டில் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

யாரும் சிரிக்கவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. உட்கார்ந்தேன். அம்மா முகம் செத்துப் போயிருந்தது. பிட்டர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நீங்க நல்ல மாதிரியாத்தான் இருக்கீங்க. ஆனா எனக்கு இருந்த பயமே இதுதான். வாழ்நாள் பூரா என் பொண்ணு அதுலயே கெடக்கணும்."

என் வாயாலேயே என் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டேன். எழுந்து போய்விடலாமா என்று அம்மாவைப் பார்த்தபோது கதவுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அந்தச் சுருட்டுல இன்னொண்ணு இருக்குதா?"

"உள்ள போம்மா" என்றார் பிட்டர்.

"இருடா, கேக்கட்டும்" என்றார் அக்கா.

உறையில் கடைசியாக ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை மூக்கருகில் வைத்து, தலை குனிந்தபடி ரொம்ப நேரம் மோந்து பார்த்தாள். ஒரு எஞ்சின் வீட்டையே உலுக்கிக்கொண்டு போய் முடிந்தது.

"இதான் ஆம்பூரா?"

"ஆமாங்க."

"இவ்ளோதானா?"

இவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "இல்லீங்க. இதைவிட ஜாஸ்தி. மழைக்காலத்துல ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்னு சொல்றாங்க. எனக்குத் தெரியறதில்ல" என்றேன்.

அவள் சுருட்டோடு திரும்பி உள்ளே போய்விட்டாள். அடுப்பங்கரையில் ஏதோ பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது. காப்பி ஆறிப்போயிருந்தது, யாரும் தொடவில்லை.

பிட்டர் மகள் போன பக்கம் திரும்பி, "அம்மா, தம்பியோட சுருட்டைக் கொண்டாந்து குடுத்துடு" என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"அம்மா, உன்னைத்தான்."

அக்கா வாயிலிருந்த என் சுருட்டை எடுத்துச் சாம்பலைத் தட்டினார்.

"அது இனி வெளிய வராதுடா. போய் பாதிரியாரைப் பாத்து நாள் கேட்டுட்டு வா."